தஞ்சை அரண்மனையில் ஒரு பகல்

மேல்நாடுகளுக்குச் சென்று மீண்டோர் எழுதும் யாத்திரைக் கட்டுரைகளைப் படிப்பதில் எனக்கு இளமை தொட்டே பெருவிருப்பம் உண்டு. காலையில் ஓர் அரண்மனை, நண்பகலில் ஒரு படச்சாலை, மாலையில் ஒரு பொருட்காட்சிச்சாலை என்று பாரிஸ் நகரத்தையோ வியன்னா நகரத்தையோ ஒரே பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, கால்வலியையும் வியப்பையும் ஒருங்கே சுமந்து திரும்பும் அவ்வன்பர்கள்மீது சிறிது பொறாமையும் உண்டு. அரூரிலே பள்ளியாசிரியனாய்க் காலங்கழிக்கும் எனக்குக் கடல் கடந்து செல்லும் வாய்ப்பு இதுகாறும் கிட்டிற்றில்லை. ஆயினும், சென்ற ஆவணித் திங்களில் தஞ்சையில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றவிடத்து, மறுநாள் முழுவதும் எனக்கும் என் தந்தையார்க்கும் வேறு அலுவலின்றி ஓய்வாக வாய்த்தது. அப்பகலைத் தஞ்சை அரண்மனையிலே கழித்தோம். ஐரோப்பாவுக்கு யான் போகாவிடினும், ஐரோப்பாவில் ஒரு பகுதி இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தஞ்சைக்கு வந்து சேர்ந்திருப்பதை அங்கே கண்டேன். அதனை நம் மலரின் நேயர்கட்கு எழுதப் புகுகின்றேன்.

அரண்மனை என்பது மன்னன் வாழும் இல்லம். காட்சிச்சாலை என்பது மக்கள் கண்டு செல்லும் இடம். முன்னது பின்னதாக மாறுவது எளிதில் நிகழ்வதன்று. ஃபிரெஞ்சு நாட்டில் அதற்கு ஒரு பெரும்புரட்சியே வேண்டியிருந்தது. லூவர் மாளிகை பொதுமக்களுக்குக் காட்சிச்சாலையாகத் திறக்கப்பெற்றது 1793-ஆம் ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் அந்நாட்டு மன்னன் பதினாறாம் லூயியின் தலை கொய்யப்பட்டது. தஞ்சையிலோ வாள் உருவப்படவில்லை. மன்னன் ஆண்மகவின்றி இறந்தான். கும்பினியார் எஞ்சியிருந்ததையும் எடுத்துக்கொண்டனர். அரண்மனை தலைவனை இழந்த வீடாய் நின்றது. இது நிகழ்ந்தது 1855-இல். அங்கிருந்த ஏட்டறை பொதுமக்களுக்குரிய நூலகமாவதற்கு 1918 வரையிலும், சிலைகள் கலைக்கூடமாக வரிசை பெறுவதற்கு 1951 வரையிலும் காலம் சென்றது.

அரண்மனைக் காட்சிகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எங்கள் நாட்டு ஔவையே எனக்கு முதலில் நினைவுக்கு வருவார். எங்கள் நாடு என்றது தகடூர் நாட்டை. எங்கள் மாவட்டத் தலைநகராகிய தருமபுரியே அப்பழைய தகடூர் என்பதை நேயர்கள் அறிவார்கள். அதியமான் நெடுமானஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க பெருமனையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன அவன் படைக்கலங்கள். அவற்றைக் கண்ட ஔவை, எம் தலைவன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லனது சிறு பட்டறையிலே கிடக்கின்றன என்று கூறிய செய்தி புறநானூற்றில் உள்ளது. தமிழில் காட்சிச்சாலை பற்றி எழுந்த முதல் மதிப்புரை அதுவே என்று என் மாணாக்கரிடம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. எந்தக் காட்சிச்சாலைக்குள் நுழைந்தாலும், இங்கே முனை ஒடிந்த வேல் எது என்று தேடும் வழக்கம் எனக்கு அதனால் வந்தது. அரூர்ப் பக்கத்தார்க்கு இத்தகைய தேட்டம் இயல்புதானே! ஆநிரை மீட்கப் பொருது பட்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் எங்கள் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. ஊரார் சிலவற்றுக்கு மஞ்சள் பூசிப் பொங்கலும் இடுகின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளைவிட வெயிலில் நிற்கும் பொருளைக் கண்டு பழகியவர்கள் யாங்கள்.

நிற்க. என் தந்தையாரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அவர் எழுபத்து நான்கு வயதினர்; அரூரை அடுத்த சிற்றூர்களிலே முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்களிலும் புரை படர்ந்திருக்கின்றது. இடக்கண்ணில் ஒளியும் நிழலும் தெரியும். வலக்கண்ணால் நாளிதழின் தலைப்பு எழுத்துக்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். மருத்துவர்கள் ஈராண்டுகட்கு முன்பே அறுவை செய்துகொள்ளுமாறு சொல்லிவிட்டனர். அவர் இசையவில்லை. பல்லாண்டுகட்கு முன் அவருடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், எங்கோ நடந்த ஒரு முகாமில் கண் அறுவை செய்துகொண்டு, அந்தக் கண்ணையே இழந்தார். அதுமுதல் அப்பேச்சை எடுத்தாலே, “இருக்கிற வெளிச்சம் போதும் தம்பி” என்று முடித்துவிடுவார். தாயார் அழுதும் பார்த்தார், என் தமக்கையார் சினந்தும் பார்த்தார், பயன் ஒன்றுமில்லை. அத்தகையவரை அரண்மனை பார்க்க அழைத்துச் செல்வதா என்று உறவினர் சிலர் தயங்கினர். அவரோ, “நீ பார்த்துச் சொல்லு, நான் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் முப்பத்தாறு வருஷம் நான் சொல்லவில்லையா?” என்று கிளம்பிவிட்டார்.

காலை ஒன்பதரை மணியளவில் கீழராச வீதி வழியாக அரண்மனை வாயிலை அடைந்தோம். நாயக்க மன்னர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய அரண்மனை இது. 1676-இல் ஏகோஜி தஞ்சையில் அரசு கட்டிலேறியது முதல் மராத்திய மன்னர்கள் இதனை விரித்துக் கட்டினர். ஆகவே முற்றம் ஒரு காலத்தது, மண்டபம் ஒரு காலத்தது, மாடம் ஒரு காலத்தது. கல்லால் அன்றிச் செங்கல்லாலும் சுதையாலும் எழுந்த கட்டடமாதலின், பெரிய கோயிலைப்போல் காலத்தை எதிர்த்து நிற்கும் உறுதி இதற்கு இல்லை. ஆலும் அரசும் சுவரிடுக்குகளில் வேர்விடும் ஊரில் செங்கல் எவ்வளவு காலந்தான் தாங்கும்! மராத்தியர் கொலுமண்டபத்தில் வண்ணந்தீட்டிய பெருந்தூண்களையும், வளைவுகளையும், மன்னன் வீற்றிருந்த மேடையையும் கண்டோம். யான் நிறங்களைச் சொல்லச் சொல்ல, தந்தையார் ஒரு தூணைக் கட்டிப் பிடித்து அதன் சுற்றளவை அறிந்துகொண்டார். “இரண்டு ஆள் கட்ட வேண்டும்” என்பது அவர் தீர்ப்பு.

மாடமாளிகைப் பக்கத்தில், 1955-இல் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடத்தப்பட்டிருக்கின்றது. அரண்மனைக்கும் திமிங்கிலத்திற்கும் யாது தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அங்கு வந்திருந்த பள்ளிச் சிறுவர் கூட்டத்துக்கு மன்னர்கள் அனைவரையும்விட அத்திமிங்கிலமே உவப்பாயிருந்தது. ஐரோப்பாவின் பழைய மன்னர்களும் தத்தம் மாளிகைகளில் முதலையின் தோலையும் யானைத் தந்தத்தையும் விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லையும் ஓவியங்களோடு ஒன்றாக வைத்து, வியப்பறை என்று பெயரிட்டு விருந்தினர்க்குக் காட்டினர் என்று படித்திருக்கின்றேன். சிறுவர் மனமும் அம்மன்னர் மனமும் ஒன்றே போலும்.

இனிக் கலைக்கூடத்திற்கு வருவோம். நாயக்கர் மண்டபத்தில் சரபோஜி மன்னரின் வெண்சலவைக்கல் உருவம் கைகூப்பி நிற்கின்றது. உள்ளே வருவோரை மன்னரே வணங்கி வரவேற்பது போன்ற தோற்றம். இவ்வுருவத்தைக் கடந்து சென்றால் கற்படிமங்களும், அவற்றையடுத்துச் செப்புத் திருமேனிகளும் வரிசை வரிசையாக உள்ளன. தஞ்சைச் சீமையின் ஊர்களிலே மண்ணுள் புதைந்து கிடந்து, கிணறு தோண்டும்போதும் நிலம் உழும்போதும் வெளிப்பட்ட திருமேனிகள் பல. படையெடுப்புக் காலங்களில் அஞ்சிப் புதைத்தோர், மீட்டெடுக்க உயிரோடு இல்லாமற் போயினர் போலும். எத்தனை ஊர்களில் எத்தனை பேர், இருட்டில் அவசரமாகக் குழி தோண்டி, இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு போய், பின்பு திரும்பி வராமலே போனார்களோ! வேறு எந்தக் காட்சிச்சாலையிலும் எனக்கு இவ்வெண்ணம் எழுந்ததில்லை.

அவற்றுள் ஒன்றின்முன் நெடுநேரம் நின்றோம். திருவெண்காட்டில் கிடைத்த இடபவாகன தேவர் திருமேனி அது. முதலாம் இராசராசன் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1011-ஆம் ஆண்டளவில் செய்யப்பெற்றதென்பது கோயிற் கல்வெட்டால் தெரிய வருகின்றது. அம்மையின் திருமேனி அதற்கு அடுத்த ஆண்டு எழுந்தது. இறைவன் ஒரு காலை ஊன்றி மறுகாலை மாறி வைத்து ஒய்யாரமாய் நிற்கின்றான். சடையைத் தலைப்பாகைபோற் சுற்றியிருக்கின்றான். பாம்புகள் அதன் மடிப்புக்களில் நெளிகின்றன. ஒரு கை இடுப்பருகே தங்க, மற்றொரு கை வளைந்து வெளியில் எதன்மேலோ சாய்ந்திருக்கின்றது. சாய்ந்த இடத்தில் ஒன்றுமில்லை.

யான் இவற்றை விவரிக்கத் தொடங்குமுன்னரே தந்தையார், “தம்பி, மாடு எங்கே?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்திருமேனியின் பெயரையும் யான் அவர்க்குச் சொல்லவில்லை. எழுதி வைத்த பலகையை அவர் படித்திருக்கவும் இயலாது. பின்புறச் சாளரத்தின் ஒளியில் அவருக்குத் தெரிந்தது ஓர் உருவத்தின் புறவரை மட்டுமே. “எப்படித் தெரிந்தது அப்பா?” என்றேன்.

“இதிலென்ன இருக்கிறது? ஏர் அவிழ்த்துவிட்டு மாட்டின்மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டு இப்படித்தான் நிற்போம். கை நிற்கிற உயரத்தைப் பார். திமிலுக்குப் பின்னால் தோள் வரும் இடம் அது. நல்ல உயரமான எருது” என்றார். அவர் இளமையில் எங்கள் வீட்டில் ஆலம்பாடி எருதுகள் இரண்டு இருந்தன. மாணவராயிருந்த காலத்திலும் விடுமுறைகளில் ஏர் உழுதவர் அவர்.

மாடு கிடைக்கவில்லை என்றும், இறைவனும் அம்மையும் மட்டுமே கிடைத்தனர் என்றும் விளக்கினேன். “அது இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை” என்று சிரித்தார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் அச்சிற்பி மாட்டின்மேற் சாய்ந்து நின்ற ஓர் இடையனையோ உழவனையோ நேரிற் கண்டே இதனைச் செய்திருத்தல் வேண்டும். சிற்பநூல் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கையின் தளர்வைக் கொண்டுவர முடியாது. கலையாராய்ச்சி நூல்கள் சிலவற்றை யான் படித்ததுண்டு. இத்திருமேனியின் வனப்பைப் பல சொற்களால் அவை போற்றும். எருதின் உயரத்தைப் பற்றிச் சொன்னவரை யான் இவர் ஒருவரையே அறிவேன்.

நண்பகலில் அருகிலிருந்த உணவுவிடுதியில் இலைச்சாப்பாடு உண்டோம். தஞ்சையின் புகழ் சோழராலா சாம்பாராலா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். சாம்பார் என்ற பெயரே மராத்திய அரண்மனையில் சம்பாஜியின் பெயரால் எழுந்ததென்று அவ்வூரார் கதை சொல்வார்கள். கதையின் மெய்ம்மைக்கு யான் பொறுப்பல்லேன். சுவைக்கு மட்டும் சான்று கூறுவேன்.

பிற்பகலில் சரசுவதி மகால் நூல்நிலையத்தின் காட்சிக்கூடத்திற்குச் சென்றோம். யான் தேடிய முனை ஒடிந்த வேல் இங்கேதான் இருந்தது. ஆகவே இதனைப் பற்றிச் சற்று விரித்தே எழுத வேண்டும்.

இரண்டாம் சரபோஜி 1777-இல் பிறந்தவர். துளஜாஜி மன்னர் தாம் இறக்குமுன், 1787-இல், இச்சிறுவரை மகவாகத் தத்தெடுத்து, சுவார்ட்சு என்னும் ஜெர்மானியப் பாதிரியாரின் கவனத்தில் ஒப்புவித்தார். சுவார்ட்சு ஐயர் 1726-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, மீண்டும் தாய்நாடு செல்லாமலே தமிழ்நாட்டில் உழைத்தவர். சிறிய தந்தையாகிய அமர்சிங்கு ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்ட ஆண்டுகளில் சரபோஜியின் உயிர்க்கும் கல்விக்கும் காவலாய் நின்றவர் இவரே. பின்னர்ச் சிறுவரைச் சென்னைக்கு அனுப்பி, கெரிக்கே என்னும் மற்றொரு ஜெர்மானியப் பாதிரியாரிடம் பயிலச் செய்தனர். 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அதற்குச் சில திங்கள் முன்னரே ஆசிரியர் காலமாகிவிட்டார். மறு ஆண்டே, 1799-இல், ஓர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அரண்மனையும், வருவாயில் ஒரு பங்கும், மன்னர் என்ற பெயருமே இவருக்கு எஞ்சின.

நாடில்லாத மன்னர் என் செய்வர்? வேட்டையிலும் விருந்திலும் பொழுது போக்கியோர் இந்திய அரச குடும்பங்களில் பலர். இவர் நூல் வாங்கினார். நாயக்கர் காலந்தொட்டு அரண்மனையில் சேர்ந்திருந்த ஏடுகளைப் பேணியதோடு, 1820-இல் காசி யாத்திரை சென்றபோது ஆங்காங்கே பண்டிதர்களைக் கொண்டு வடமொழிச் சுவடிகளைத் தொகுப்பித்தும் படியெடுப்பித்தும் கொணர்ந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் ஐரோப்பிய நூல்களை நாலாயிரத்துக்கு மேல் வரவழைத்தார். பலவற்றில் அவர் தம் கையெழுத்தை ஆங்கிலத்தில் இட்டிருக்கின்றார். அரண்மனைக்குள்ளேயே அச்சுக்கூடம் நிறுவித் தேவநாகரி எழுத்தில் நூல்கள் அச்சிட்டார். இவையெல்லாம் குடிகளின் வரிப்பணத்திலிருந்து வந்த செலவுதானே என்று கேட்போர்க்கு மறுமொழி சொல்வது அரிது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட, கடற்கரையில் மனோரா என்று எட்டடுக்குக் கோபுரம் ஒன்றை அவர் கட்டியதை யான் பெரிதாகப் போற்றமாட்டேன். கோர்சிகா தீவில் பிறந்தவன் வாட்டர்லூவிலே வீழ்ந்ததற்குத் தஞ்சைக் கடற்கரையில் ஏன் கோபுரம்? ஆனால் நூல் வாங்கிய பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

காட்சிக்கூடத்தில் பனையோலைச் சுவடிகளும், வண்ணப் படங்கள் எழுதிய ஏடுகளும், பதினான்காம் லூயி மன்னனின் அரசவை ஓவியன் லெ புரூன் என்பான் வரைந்த விசித்திரமான முகப்படங்களும் இருந்தன. மனிதர் முகத்தையும் விலங்கின் முகத்தையும் அடுத்தடுத்து வரைந்து, ஆந்தை முகத்தார் இன்னார், ஆட்டு முகத்தார் இன்னார் என்று காட்டும் படங்கள். யான் அவற்றை விவரித்தபோது தந்தையார் மிக மகிழ்ந்து, தம்முடன் பணியாற்றிய ஆசிரியர்களுள் யார் யார் எந்த விலங்கு என்று உடனே பகுத்துவிட்டார். அப்பட்டியலை இங்கே வெளியிடுதல் முறையன்று.

பின்னர் அங்கிருந்த ஓர் இருக்கையில் அமர்ந்தோம். அமர்ந்தவிடத்து, யான் முன்பே படித்திருந்த ஒரு செய்தியை அவர்க்குச் சொன்னேன். சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையம் நடத்தினார். அங்கே நாட்டு மருத்துவரும் ஐரோப்பிய முறை கற்றவரும் ஒருங்கிருந்து மருந்துகளைச் சோதித்தனர். பயன் கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளில் எழுதப்பெற்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்று இந்நூலகத்தார் அவற்றைப் பிற்காலத்தில் அச்சிட்டுள்ளனர். இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. கண்ணோய்க்கு அரண்மனையில் சிகிச்சை பெற்றோரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்த குறிப்புக்கள் இந்நூலகத்துச் சேமிப்பில் உள்ளன. யார் வந்தார், வயது என்ன, கண்ணின் நிலை யாது, என்ன செய்யப்பட்டது என்று ஒவ்வொருவர்க்கும் எழுதியிருக்கின்றனர். நோயுற்ற கண்ணை வண்ணத்தில் வரைந்த படங்களும் உள. மன்னர் தாமே அறுவை செய்தார் என்று கூறுவோரும் உளர். அவர்தம் மருத்துவர்கள் செய்ய அவர் உடனிருந்தார் என்று கூறுவோரும் உளர். யார் கத்தி எடுத்திருப்பினும், எழுதி வைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வாளைத் துறந்த ஓர் அரண்மனையில் வேறு ஒரு கத்தி உழைத்திருக்கின்றது.

தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “புரைக்கும் செய்தார்களா?” என்றார்.

“செய்தார்கள் அப்பா.”

“மயக்க மருந்து உண்டா அந்தக் காலத்தில்?”

“இல்லை. ஈதர் என்ற மயக்க மருந்தை வைத்து அமெரிக்காவில் அறுவை செய்து காட்டியதே 1846-இல்தான். கண்ணுக்குமட்டும் மரப்பு வரச் செய்யும் மருந்து 1884-இல் வந்தது. சரபோஜி 1832-இலேயே போய்விட்டார்.”

“அப்படியானால் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.”

“ஆம்.”

“யார் அவர்கள்? பெரிய மனிதர்களா?”

அரண்மனைச் சேவகர்களும் ஊர் மக்களுமாக இருந்திருக்கக்கூடும் என்றேன். அவர் மீண்டும் மௌனமானார். அவருக்குள் ஏதோ கணக்கு நடக்கின்றதென்று தெரிந்தது. பள்ளியில் வாய்ப்பாடு கேட்கும் நாளிலிருந்தே அவருடைய அந்த மௌனம் எனக்குப் பழக்கம். அதை யாரும் கலைக்கக்கூடாது.

சற்றுப் பொறுத்து, புரைக்கு அறுவை வளர்ந்த வரலாற்றைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே ஒரு பக்கம் தள்ளிவிடும் முறை நம் நாட்டுச் சுசுருதர் நூலிலேயே உண்டு. அதனை விடுத்து, புரையை வெளியே எடுத்துவிடும் முறையை 1747-இல் தாவியல் என்னும் ஃபிரெஞ்சு மருத்துவர் தொடங்கினார். எடுத்தபின் கண்ணுக்குள் வில்லை இல்லாமையால், அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடியை வாழ்நாள் முழுதும் அணியவேண்டி வந்தது. அவருடைய நண்பர் காலத்து முகாம்களிலும் பெரும்பாலும் அம்முறையே நடந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானக் கூடாரத்து நெகிழிக் கண்ணாடி நொறுங்கி, சில்லுகள் ஆங்கிலேய விமானிகளின் கண்களுக்குள் தைத்தன. அச்சில்லுகள் உள்ளேயே கிடந்தும் கண்ணைப் புண்ணாக்காதிருப்பதை ஹெரால்டு ரிட்லி என்னும் லண்டன் மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பொருளால் சிறு வில்லை ஒன்று செய்வித்து, 1949-இல் ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். இன்று உலகெங்கும் புரை அறுவை முடிந்ததும் உள்ளே வைக்கும் வில்லை அதன் வழிவந்ததே.

“உடைந்த ஆகாய விமானமா!” என்றார் தந்தையார். “ஔவையார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.”

என் மாணாக்கரிடம் யான் சொல்லும் வேடிக்கை அவரிடமிருந்து கற்றதுதான் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

மாலை நாலரை மணிக்குச் சிவகங்கைத் தோட்டத்தின் அருகிலுள்ள சுவார்ட்சு ஐயர் தேவாலயத்திற்குச் சென்றோம். 1779-இல் அவரே கட்டியது. இது அரண்மனையுமன்று, காட்சிச்சாலையுமன்று. ஆயினும் அரண்மனையின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றுகின்றது. உள்ளே, புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன், சரபோஜி மன்னரின் வேண்டுகோட்படி லண்டனில் வெண்சலவைக்கல்லிற் செதுக்கி அனுப்பிய புடைப்புச் சிற்பம் இருக்கின்றது. மரணப் படுக்கையில் சுவார்ட்சு ஐயர், அருகே நின்று அவர் கையைப் பற்றியிருக்கும் இளமன்னர், படுக்கையருகே சிறுவர்கள். மன்னர் தம் சமயத்தை விடவில்லை. பெரிய கோயில் மதிலில் தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் 1803-இல் நீண்ட கல்வெட்டாக வெட்டுவித்தவரும் இவரே. அதே ஐயரிடம் பயின்ற மற்றொரு மாணவர் வேதநாயக சாஸ்திரியார். அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஓராசிரியர் கீழ் இருவர். ஒருவர் ஒரு வழி, மற்றவர் மற்றொரு வழி. இருவர்க்கும் ஆசிரியர்மீது அன்பு குறையவில்லை. நம்போன்ற ஆசிரியர்கள் அச்சிற்பத்தின்முன் சற்று நின்றுதான் போகவேண்டும்.

தந்தையார் சிற்பத்தை நெருங்கிச் சென்றார். அங்கிருந்த பணியாளர், “பெரியவரே, தொடாமல் பாருங்கள்” என்றார். “தொடவில்லை ஐயா, கிட்டப் போனால்தான் தெரியும்” என்று கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, மூக்குக் கல்லிற் படும் அளவுக்குக் குனிந்து, வலக்கண்ணால் துழாவினார். எதைத் தேடுகின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து, “யார் கை யார் கையைப் பிடித்திருக்கிறது?” என்று வினவினார். மன்னர் கை ஆசிரியர் கையைப் பிடித்திருக்கின்றது என்றேன். “அதுவரைக்கும் தெரியவில்லை. இரண்டு கை இருப்பது தெரிந்தது” என்றார்.

இரவு தஞ்சையிலிருந்து திருச்சி வந்து, அங்கே சேலம் பேருந்தில் ஏறினோம். கூட்டம் மிகுதி. நாமக்கல் தாண்டும்வரை அவர் உறங்கவில்லை. நாமக்கல் பேருந்து நிலையத்தில் நின்றபோது தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, “இப்போது தையல் போடுவார்களா?” என்றார். எதைப்பற்றிக் கேட்கின்றார் என்று யான் கேட்கவில்லை.

“பெரும்பாலும் போடுவதில்லை. வெட்டு மிகச் சிறியது. மறுநாளே கட்டு அவிழ்த்துவிடுகிறார்கள்.”

“மரப்பு ஊசி?”

“பலருக்குச் சொட்டு மருந்தோடு சரி.”

குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டார். “அறுவடை முடியட்டும். தை பிறந்ததும் நாள் கேட்டுவை. முதலில் இடக்கண். வலக்கண்ணில் பேப்பர் படிக்கிறேன்; அது இருக்கட்டும்” என்றார்.

சேலத்தில் அரூர் வண்டி காலை நான்கரை மணிக்குத்தான் புறப்பட்டது. மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சாளரத்தோரம் அமர்ந்திருந்த அவர், மலைப்பக்கத்தில் மாடு மேய்கின்றதா என்று என்னைக் கேட்டார். பார்த்தேன், இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன.